கை தட்டாத மிஸ்

அந்த மிஸ் கை தட்டி யாரும் பார்த்ததில்லை. எங்கள் சந்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "மேல்வீட்டு மிஸ் கை தட்டினா ஒரு கொசு செத்துச்சுன்னு அர்த்தம்" என்பார் எதிர்வீட்டு இஸ்திரிக்காரர். மிஸ்ஸின் காதில் விழட்டும் என்றே சொல்வார். மிஸ்ஸும் படியிறங்கிக்கொண்டே, "கொசு பாவம், அது என்ன தப்பு மாடித்து?" என்று, 'பண்ணுச்சு' என்பதை மட்டும் கன்னடத்தில் வைத்துக் கேட்டுவிட்டுப் போவார். கோபப்பட மாட்டார்.

அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கிறது என் வீடு. கீழே நான். மேலே ஷீட்டுப் போட்ட ஒரு ரூமும் கொஞ்சம் வெட்டவெளியும். பூக்கட்டி விற்ற கையால் எழுப்பிய வீடு. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும் எனக்கு. ஆனால் வருகிற ஆளின் முகத்தைப் பார்த்தே வீடு கொடுக்கலாமா கூடாதா என்று தெரிந்துவிடும்.

காவிரிக் கலவரம் அடங்கிச் சில வருஷம் ஆகியிருந்த சமயம் அது. மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரம்மா, நாற்பது வயசு, கல்யாணம் கிடையாது, ஸ்கூலில் சரித்திரப் பாடம் எடுக்கிறவர் என்றதும் பக்கத்து வீடுகளில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "கன்னடக்காரியவா வெக்கப் போற?" என்றார்கள். "என் வீடு, நான் வெக்கிறேன்" என்றேன்.

அவர் ரூமைப் பார்க்கக்கூட இல்லை. வாசல் கதவுக்கு மேலே இருந்த பலகையைத்தான் பார்த்தார். தமிழில் என் பூக்கடைப் பேர் எழுதியிருந்த பலகை. அதன் மேல் தார்.

"இது யாரு மாடித்து?"

"கலவரத்துல பூசினாங்கம்மா."

"யாரு?"

"கூட்டம்."

"கூட்டத்துக்குக் கை இருக்குதா? யாரோ ஒருத்தர் கைதானே?"

"ஒருத்தன்தான் பூசினான். அடுத்த தெரு ஆளு, தெரிஞ்ச மொகம்தான். கூட நின்னு கை தட்டினவங்கதான் நெறைய" என்றேன். அவர் தோளில் இருந்த தோல் பையை இறக்கிக் கீழே வைத்தார். "ரூம் எனக்குப் போதும், பூவம்மா" என்றார். அன்றிலிருந்து நான் பூவம்மா. மேலே போய்ப் பார்த்தது அதற்கப்புறம்தான்.

கல்யாண வீட்டில் எல்லோரும் ஜோராகக் கை தட்டும்போது அவர் அட்சதையைப் போட்டுவிட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். தெருமுனையில் யாராவது பெரிய மனுஷர் மைக்கில் பேசினால் கடைசி வரை நின்று கேட்பார். மற்றவர்கள் பாதியில் எழுந்து போவார்கள், போகிற போக்கில் தட்டிவிட்டும் போவார்கள். இவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்பார், தட்ட மாட்டார். ஒருமுறை நான் கேட்டேவிட்டேன். "நல்லாத்தானே பேசினாரு? தட்டினா இன்னா மிஸ்?"

"நல்லா இருந்ததா இல்லையான்னு நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாரும் தட்டிடறாங்க, பூவம்மா. என் கையும் கூடவே எழுந்துடுது. அதான் புடிச்சு வெச்சுக்கறேன்."

கை தானாக எழுவதை அவர் வியாதி மாதிரிச் சொன்னார். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது.

அவர் வேலை செய்த வழியும் தனி. நாளைக்கு எடுக்க வேண்டிய பாடத்தை இன்று சாயங்காலமே மாடியில் உலாத்தியபடி உரக்கச் சொல்லிப் பார்ப்பார். துணிக் கொடிதான் கிளாஸ். காய்கிற பாவாடையைப் பார்த்து, "நீ சொல்லு, யாக்கெ?" என்பார். ஏன் என்று கேட்கக் கன்னடத்தில் அதுதான் வார்த்தை. நான் படியில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டே கேட்பேன். ஜெர்மனியில் சின்ன மீசை வைத்துக்கொண்டு ஒருவன் ஆண்டானே, அவன் பாடத்தை அப்படித்தான் கேட்டேன். புத்தகத்தில் அது கொஞ்சம்தானாம். பரீட்சைக்கும் அவ்வளவு முக்கியம் இல்லையாம். மற்ற டீச்சர்கள் கேள்வி பதிலை எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்களாம். இவருக்கு அது போதாது.

"அவன் வானத்துலேர்ந்து குதிக்கல" என்று கொடியில் தொங்கிய என் ரவிக்கைக்குச் சொல்வார். "ஜனங்க வோட்டுப் போட்டாங்க. ரோடு போட்டான், ஒழுங்கா இருந்ததுன்னு சந்தோஷப்பட்டாங்க. முதல்ல யாரை அடிச்சான்? யாரை அடிச்சா பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானோ, அவங்களை."

நான் பூவை மடியில் போட்டுவிட்டுப் பலகையில் இருந்த தாரைப் பார்த்தேன்.

மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் இரும்பு வாளி வைத்திருந்தேன். பழைய வாளி. பக்கத்தில் சிவப்பு முக்கோணம் வரைந்திருக்கும், பாதி உதிர்ந்துபோய். குடும்பக் கட்டுப்பாட்டு முத்திரை. சரித்திரம் படித்தவர் கண்ணுக்கு அது தப்புமா? ஏது என்று கேட்டார். நான் யாருக்கும் சொல்லாத விஷயம். அவரிடம் ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியாது.

அது என் கொழுந்தனாருக்குக் கொடுத்த வாளி. எமர்ஜென்சிக் காலம். அவருக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கட்டட வேலைக்கு ஆள் வேண்டும் என்று லாரி வந்து நின்றது. ஏறினார். வேலைக்குப் போகவில்லை லாரி. ஒரு ஷெட்டுக்குப் போனது. பேர் கேட்டார்களாம், வயசு கேட்டார்களாம், பிள்ளை இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லையாம். ஆபரேஷன் பண்ணி, கையில் ஒரு வாளியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "வாளி குடுத்துக் கை தட்டினாங்க அண்ணி" என்று வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குமேல் சொன்னதில்லை. அவருக்கும் என் ஓரகத்திக்கும் பிள்ளை இல்லை. வாளியை அவர் தன் வீட்டுக்குள் விடவில்லை, என்னிடம் இருந்துவிட்டது.

எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீசில் ஆள் நேரத்துக்கு உட்கார்ந்தான் என்று இன்றைக்கும் வாய் நிறையச் சொல்கிறார்கள். வந்தது. யார் இல்லை என்றது? என் கொழுந்தனாரை ஏற்றிக்கொண்டு போன லாரியும் நேரத்துக்குத்தான் வந்தது.

மிஸ் அந்த முக்கோணத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இதை நான் கிளாஸ்ல சொல்லலாமா? பேர் சொல்ல மாட்டேன்" என்று கேட்டார். "வேணாம் மிஸ். ஆம்பளை மானம். ஆனேக்கல்லுல நாலு பேரு மத்தியில பூத்தோட்டத்துல வேல செய்யறாரு" என்றேன். "ஆயிது" என்றார். சரி என்றால் சரிதான். அந்தப் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை. தனக்கு ஆபத்து வந்த நாளில்கூட எடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

ஆபத்து வந்தது ஸ்கூல் ஆண்டு விழாவில். அந்த ஸ்கூலின் சரஸ்வதி படத்துக்குத் தினமும் என் பூதான் போகும். விழா அன்றைக்கு மேடைக்கும் நான்தான் மாலை கட்டினேன். அதனால் முன்வரிசைக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன்.

தலைவர்கள் வேஷப் போட்டி. ராட்டைத் தாத்தா வந்தார், கத்தி பிடித்த ராணி வந்தாள், தாடி வைத்த கவிஞர் ஒருவர் தாடி கழன்று அழுதார். கடைசியாக எங்கள் சந்துக் கோடி வீட்டு கான்ட்ராக்டர் மகள் வந்தாள். ஏழாம் கிளாஸ் பெண். காக்கிக் கோட்டு, கையில் பட்டை, ஜடையைத் தொப்பிக்குள் சுருட்டி வைத்து, மூக்குக்குக் கீழே கண்மையால் சின்ன மீசை. விறைப்பாக நடந்து வந்து கையை நீட்டி, "ஒழுக்கம் இல்லாத நாடு உருப்படாது! எனக்குக் கீழ்ப்படியுங்கள்!" என்று கத்தினாள். வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கொட்டகையே எழுந்து தட்டியது. விசில் வேறு. அந்த ஸ்கூலின் சேர்மன் மைக்கைப் பிடித்து, "இந்த மாதிரி ஒருத்தர் நம்ம நாட்டுக்கு வேணும். அப்பத்தான் ஒழுங்கு வரும்" என்றார். அதற்கும் தட்டினார்கள். படித்தவர்கள், டாக்டர்கள், பாங்க் வேலைக்காரர்கள். முதல் வரிசையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற டீச்சர்கள். எல்லோரும் தட்டினார்கள். முதல் பரிசு அவளுக்குத்தான்.

பரிசுக் கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து சேர்மன் கையில் கொடுக்கிற வேலை அன்று மிஸ்ஸுக்கு. மற்ற கப்புகளை எல்லாம் கொடுத்தார். அந்தக் கப்பைக் கொடுக்கவில்லை. சேர்மன் நீட்டிய கை நீட்டியபடி நின்றது. மிஸ் கப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "யாக்கெ சார்? எதுக்கு இந்த வேஷத்துக்குப் பரிசு?" என்றார். மைக் திறந்திருந்தது. கொட்டகை முழுக்கக் கேட்டது.

அந்தப் பெண் மேடையில் நின்று அழ ஆரம்பித்தாள். மீசை கரைந்து வாயில் இறங்கியது. மிஸ் கப்பை மேஜையில் வைத்துவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். சேலையெல்லாம் மை. அதற்குள் யாரோ பாட்டுப் போட்டார்கள், அடுத்த டான்ஸ் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் கான்ட்ராக்டர் வீட்டம்மா என் வாசலில்.

"உங்க மாடியில பெரிய ஜட்ஜைக் குடி வெச்சிருக்கீங்களே, எறங்கி வரச் சொல்லுங்க!"

"ஜட்ஜு இல்லம்மா, மிஸ்ஸு" என்றேன்.

"எம் பொண்ணு சாப்பிடாம கெடக்குது. பத்து நாளு தையக்காரன் பின்னாடி நடந்து அந்தக் கோட்டைத் தெச்சேன். ஒரு வேஷம்! வெளையாட்டு! அதுக்குப் போயி..."

மிஸ் இறங்கி வந்தார். "உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவன் யாருன்னு அவளுக்குச் சொல்லித் தராம விட்டோமே, எங்க தப்பு. நான் வந்து அவகிட்ட சாரி கேக்கறேன். கப்பு மட்டும் கேக்காதீங்க."

"உன் சாரி யாருக்கு வேணும்? கப்பு வேணும்."

அந்தம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெற்றவள். ஆனால் அந்த கான்ட்ராக்டர் ஸ்கூலுக்கு ஃபேன் எல்லாம் வாங்கிப் போட்டவர். சேர்மன் மிஸ்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பிரேயரில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், அவரே தன் கையால் கப்பைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு எல்லோரையும் போலக் கை தட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. "அந்தப் பாடத்தையும் இந்த வருஷம் விட்டுடுங்க. எங்கியோ ஜெர்மனியில நடந்தது நமக்கெதுக்கு? எமர்ஜென்சியில நம்ம ஊரே எவ்வளவு ஒழுங்கா இருந்துச்சு, தெரியுமா?" என்றும் சொன்னாராம். என் வீட்டு வாளியை அந்த இடத்தில் அவர் மேஜை மேல் வைத்திருக்கலாம் மிஸ். வைக்கவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து நான் சொன்னேன். "ஒரே ஒரு தட்டு தட்டிட்டு வந்துடுங்களேன் மிஸ். கையி தேஞ்சா போவுது?"

"தேயாது பூவம்மா" என்றார். "பழகிடும்."

திங்கட்கிழமை பூவோடு நான் கேட்டுப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். சேர்மன் பேசினார். மிஸ் கப்பை எடுத்தார். அந்தப் பெண் யூனிபார்மில், தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள். மிஸ் குனிந்து, மைக்கில் இல்லாமல், அவளுக்கு மட்டும் என்னவோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். பிறகு மிஸ் கப்பைத் திரும்ப மேஜையிலேயே வைத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி, வரிசை நடுவே நடந்து, கேட்டுக்கு வந்துவிட்டார்.

அங்கே நின்றார்களே அத்தனை டீச்சர்கள்! மத்தியானம் அவரோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஒருத்தர் வாயைத் திறந்தாரா? ஒருத்தர் தரையைப் பார்த்தார், ஒருத்தர் பிள்ளைகளின் வரிசையைச் சரி செய்தார். பி.டி. மாஸ்டர் கப்பை எடுத்து அந்தப் பெண் கையில் திணித்தார். தட்டுங்கள் என்றார். தட்டினார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

அன்றோடு அந்த ஸ்கூலுக்குப் பூப் போடுவதை நிறுத்தினேன். சரஸ்வதி மேல் எனக்கென்ன கோபம்? அவளுக்குரிய முழத்தை ஏரிக்கரைக் கோயிலில் கொண்டுபோய்ச் சாத்தினேன். நாலு நாள் கழித்து ஆள் விட்டார்கள். "வேற எடத்துல பாருங்க, அங்க போட எனக்குக் கை வரல" என்று சொல்லி அனுப்பினேன்.

மாசக் கடைசியில் மிஸ் ஊருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் கிளாஸ் பிள்ளைகள் கொஞ்சம் பேர் மாடிக்கு வந்தார்கள். சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தார்கள். "உக்காருங்க, அந்தப் பாடம் பாக்கி இருக்கு" என்று உட்கார வைத்துவிட்டார். கடைசியாக மூச்சிரைக்கப் படியேறி வந்தது யார் என்கிறீர்கள்? கோடி வீட்டுப் பெண். வீட்டில் சொல்லாமல் வந்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் கொழுந்தனார் ஆனேக்கல்லிலிருந்து பூக்கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வாராவாரம் வருகிறவர்தான். "மேல இன்னா அண்ணி சத்தம்?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"கை தட்டாததுக்கா வேலைய விட்டு எடுத்துட்டாங்க?"

"ஆமாங்கறேன்."

கூடையை இறக்கி வைத்தார். பிறகு படியேறிவிட்டார். நான் முழங்கால் வலியோடு பின்னாலேயே ஏறினேன், எதற்குப் போகிறார் என்று புரியாமல்.

மேலே செடிக்குப் பக்கத்தில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகள் முன்னால் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். "மிஸ், நான் ஒன்னு சொல்லலாமா?" என்றார். மிஸ் என்னைத்தான் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

சொன்னார். லாரியைச் சொன்னார், ஷெட்டைச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய அளவுக்கு, அசிங்கம் இல்லாமல், "எனக்குக் கொழந்த பொறக்காம பண்ணிட்டாங்க" என்று சொன்னார். மிஸ் ஓரமாக, பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோடி வீட்டுப் பெண்தான் கேட்டாள். "தாத்தா, வேணாம்னு நீங்க சொல்லலியா?"

"சொன்னேனே கண்ணு. கத்தினேன். கல்யாணமாயி ஆறு மாசம்தான் ஆவுது, விடுங்க சாமின்னு கத்தினேன். ஒவ்வொருத்தனையா உள்ள இட்டுக்குனு போவும்போது வெளியில நின்னவங்க கை தட்டிக்கினே இருந்தாங்க. தைரியம் சொல்றாங்களாம். அந்தச் சத்தத்துல நான் கத்தினது யாருக்கும் கேக்கல."

இதை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த வாளியில் தண்ணீர் மொண்டவள் நான்.

அந்தப் பெண் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இப்ப நாங்க என்ன பண்ணணும் மிஸ்?" என்றாள்.

"ஒன்னும் பண்ண வேணாம். தாத்தா சொல்லட்டும். கேளு" என்றார் மிஸ்.

மிஸ் போய்விட்டார். இரண்டு பொங்கலுக்குக் கார்டு வந்தது, பிறகு இல்லை. அந்த ஸ்கூல் இப்போது மூன்று மாடி. தார் பூசிய பலகையைப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். அது அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டேன்.

சில வருஷம் கழித்து எங்கள் ஏரியாவில் ஒரு பாராட்டு விழா. மாலை நான் கட்டினது, அதனால் முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் ஒரு பெரிய மனுஷர், நல்ல தமிழ், நல்ல குரல். குப்பையைச் சொன்னார், டிராஃபிக்கைச் சொன்னார், லஞ்சத்தைச் சொன்னார். எல்லாம் நிஜம்தான். கடைசியில், "இந்த நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரி வந்தாத்தான் சரிப்படும்!" என்றார்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரித் தட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்பதற்கு ஒருத்தர் இல்லையே என்று எரிந்தது. அந்தச் சத்தத்தில் நான் கத்தினால் யார் காதில் விழப்போகிறது? இரண்டு கையையும் மடியில் கோர்த்து வைத்துக்கொண்டு மேடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

பக்கத்து நாற்காலிப் பெண் தட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தாள். "இன்னாம்மா, கையில வலியா?"

"இல்லம்மா" என்றேன். "கை நல்லாத்தான் இருக்குது."